வாசலில் நிறுத்தப்படும் கடிதங்கள்

2002இல் அமெரிக்காவில் ஹேபியஸ் என்ற நிறுவனம் ஒரு ஹைக்கூவை வைத்து மின்னஞ்சல் உலகத்தைச் சீர்செய்யப் பார்த்தது. மெயிலின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணில் படாத இடத்தில், ஒன்பது வரிகள் சேர்க்கப்படும். அவற்றில் முதல் மூன்றும் அந்த ஹைக்கூ. கேட்காதவர்களுக்கு அனுப்புவதில்லை என்று உறுதி கொடுத்தவர்கள் மட்டுமே அவ்வரிகளைத் தங்கள் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர் வைத்தால் அது பதிப்புரிமை மீறல். ஸ்பேம் எனப்படும் குப்பை அஞ்சலுக்கு எதிராக அன்று அந்நாட்டில் தேசிய அளவில் சட்டம் கிடையாது. பதிப்புரிமைச் சட்டமோ பல் உள்ள சட்டம். கவிதையைக் காவலுக்கு நிறுத்தினால், கவிதைத் திருட்டுக்காகவாவது ஸ்பேம்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்பது கணக்கு.

ஸ்பேம்அசாசின் என்ற பரவலான வடிகட்டி அந்த வரிகளைக் கண்டால் கடிதத்தின் மேலிருந்த சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதிக நாள் ஆகவில்லை. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஹைக்கூவை அப்படியே எடுத்துத் தங்கள் மெயிலில் ஒட்டிக்கொண்டார்கள். ஹேபியஸ் வழக்கும் போட்டது. ஊர் பேர் தெரியாதவர்கள் மேல் எத்தனை வழக்குப் போடுவது? 2008இல் அந்நிறுவனம் ரிட்டர்ன் பாத் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது.

நியாயமான வணிகக் கடிதத்தை ஸ்பேம் வடிகட்டியைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்வியின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கதையின் மறுபதிப்புகள்தான். நல்லவருக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். பொல்லாதவர் அதை நகலெடுப்பார். சீட்டின் மதிப்பு போகும். அடுத்த சீட்டு வரும். நகலெடுக்க முடியாத சீட்டு ஏதாவது உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அது அனுப்புகிறவர் பையில் இருப்பதில்லை, பெறுகிறவர் கையில் இருக்கிறது. அதை உணர்ந்தவர்களின் கடிதம் போய்ச் சேருகிறது. உணராதவர்கள் தலைப்பில் எந்தச் சொல்லை மாற்றலாம், எந்த ஆச்சரியக்குறியை எடுக்கலாம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நியாயமான கடிதம் என்று எதைச் சொல்கிறேன்? ஒருவர் தன் முகவரியைத் தானே கொடுத்து, 'புதிய புத்தகம் வந்தால் சொல்லுங்கள்', 'தள்ளுபடி வந்தால் எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறார். கேட்டதை அனுப்புகிறோம், வேண்டாம் என்றால் நிறுத்துகிறோம். இவ்வளவுதான் வரையறை. விற்கும் பொருள் தரமானதா, கடை பழமையானதா என்பதெல்லாம் இதில் சேராது. நூறாண்டுக் கடையும் கேட்காதவருக்கு எழுதினால் ஸ்பேம்தான். இந்த வரையறையை ஏற்றுக்கொள்ளாதவருக்கு இனி வரும் எதுவும் பயன்படாது.

வாசல் ஏன் இவ்வளவு கெடுபிடியாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கைமாற்றும் எஸ்எம்டிபி என்ற நெறியை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் உலகம் அது. அனுப்புநர் முகவரி உண்மையா என்று சோதிக்க அந்த நெறியில் இடமே வைக்கப்படவில்லை. நம் அஞ்சலட்டையிலும் அனுப்புநர் பெயரை எவர் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அஞ்சலட்டைக்குக் காசு வேண்டும், கையெழுத்துக்கு நேரம் வேண்டும். மின்னஞ்சலில் பத்தாவது பிரதிக்கும் பத்து லட்சமாவது பிரதிக்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை.

அந்த நெறி எழுதப்படும் முன்பே ஆசை எட்டிப் பார்த்துவிட்டது. 1978 மே மாதம் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்குப் புதிய கணினி அறிமுகக் கூட்டத்துக்கான அழைப்பை ஒரே வீச்சில் அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதன் பின் என்ன நடந்தது என்பதற்கு ஓர் ஆய்வு போதும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் ஸ்டார்ம் என்ற கள்ளக் கணினி வலையமைப்புக்குள் புகுந்து, மருந்து விற்கும் ஸ்பேமின் வரவுசெலவை அளந்தார்கள். 26 நாளில் கிட்டத்தட்ட 35 கோடி மெயில்கள். விற்பனை 28. இப்படியொரு விகிதத்தில் எந்தக் கடையும் நடக்காது. ஸ்பேம் நடந்தது, ஏனென்றால் அடுத்தவர் கணினியில், அடுத்தவர் மின்சாரத்தில் அனுப்பினார்கள். அந்த 35 கோடியையும் தடுத்தாக வேண்டிய வடிகட்டியின் முன்னால்தான் நம் புத்தகப் பட்டியலும் போய் நிற்கிறது. முறத்தில் தூற்றும்போது காற்று சற்றே பலத்தால் பதரோடு நெல்லும் பறக்கும்.

தொடக்கக் கால வடிகட்டிகள் கடிதத்துக்குள் சொற்களைத் தேடின. குறிப்பிட்ட மருந்துப் பெயர், 'இலவசம்', தொடர் பெரிய எழுத்து. ஸ்பேம்அசாசின் இப்படிப்பட்ட அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி, வழக்கமான அமைப்பில் 5ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். சொற்பட்டியலை நம்பியதால் வந்த அபத்தங்கள் நிறைய. ஸ்பெஷலிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே சியாலிஸ் என்ற மருந்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. அதனால் மருத்துவ நிபுணர் பற்றிய நல்ல கடிதங்கள் மாட்டிக்கொண்டன. 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் போக்கைத் திருப்பியது. எந்தச் சொல் கெட்டது என்று நாம் முடிவு செய்ய வேண்டாம், ஸ்பேமையும் நல்ல கடிதத்தையும் தனித்தனிக் குவியலாகக் கொடுத்தால் கணினியே நிகழ்தகவைக் கணித்துக்கொள்ளும் என்றார் அவர். இதே யோசனையை 1998இலேயே மைக்ரோசாஃப்ட், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் வைத்திருந்தார்கள். ஆனால் பரவலாகக் கொண்டுசென்றது கிரஹாம். அவருடைய குவியலில் பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான ஒரு குறியீடு, எந்த ஆபாசச் சொல்லுக்கும் குறையாத சாட்சியாக இருந்ததாம். மனிதர் யாருக்கும் தோன்றியிராத சாட்சி அது.

'இந்தச் சொற்களைத் தவிர்த்தால் இன்பாக்ஸ்' என்று இன்றும் சுற்றிவரும் பட்டியல்கள் அந்த முதல் காலத்தின் மிச்சம். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளித் தள்ளுபடியைத் தள்ளுபடி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? நற்பெயர் உள்ள அனுப்புநர் 'இலவசம்' என்று எழுதினாலும் போய்ச் சேரும். பெயர் கெட்டவர் திருக்குறள் விளக்கமே அனுப்பினாலும் சேராது. உள்ளடக்கத்தில் மெய்யாகவே கேடு செய்யும் பழக்கங்கள் வேறு. நம் ஜவுளிக்கடைகள் செய்வதுபோல விளம்பரம் முழுவதையும் ஒரே படமாக ஒட்டி அனுப்புவது ஒன்று. சொற்களை வடிகட்டிக்கு மறைக்க ஸ்பேம்காரர்கள் கையாண்ட உத்தி அது. படத்தை ஏற்றாத திரையில் வெறும் கட்டம்தான் தெரியும். இன்னொன்று, எல்லோரும் பயன்படுத்தும் பொதுச் சுருக்க இணைப்புகள். அதே டொமைனின் (இணையப் பெயரின்) பின்னால் மோசடிக்காரரும் ஒளிந்திருக்கிறார், அவர் பாவம் நம் தலையிலும் விழும்.

விலை கொடுத்து வாசல் தாண்டும் யோசனைகளும் வந்தன. 1997இல் ஆடம் பேக் முன்வைத்த ஹேஷ்கேஷ், ஒவ்வொரு மெயிலுக்கும் கணினி ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றது. ஒருவருக்கு எழுதுபவருக்குச் சுமையில்லை, கோடிப் பேருக்கு அனுப்புபவருக்குத் தாளாது. அடுத்தவர் கணினியைத் திருடி அனுப்புபவருக்கு மட்டும் அது சுமையே இல்லை என்ற ஓட்டையால் மின்னஞ்சலில் அது நிற்கவில்லை. அந்த எண்ணம் பிறகு பிட்காயினுக்குப் போய் வேலை செய்தது. 2006இல் குட்மெயில் என்ற நிறுவனம் நேரடியாகவே விலை வைத்தது. ஒரு மெயிலுக்குக் கால் செண்டிலிருந்து ஒரு செண்ட் வரை கட்டினால், ஏஓஎல், யாஹூ பெட்டிகளில் சான்று முத்திரையோடு இறங்கலாம். மின்னஞ்சலுக்கு வரி போடுகிறார்கள் என்று எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷனும் பல தன்னார்வ அமைப்புகளும் கொதித்தெழுந்தன. அவர்கள் பயந்தது சரியான காரணத்துக்குத்தான். காசு கட்டியவருக்குத் தனி வரிசை வந்துவிட்டால், கட்டாதவர் வரிசையை ஒழுங்காக நடத்த வேண்டிய அக்கறை வாசல்காரருக்குக் குறைந்துபோகும். குட்மெயில் 2011இல் கடையை மூடியது. மெயிலுக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஸ்பேம் வடிகட்டியைத் தாண்டும் வழி அதன் பின் நிலைபெறவில்லை. அது நல்லதென்றே நினைக்கிறேன்.

நிலைபெற்றது அடையாளம். போஸ்டல் விட்ட வெற்றிடத்தை நிரப்ப மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மெங் வெங் வாங் 2003 வாக்கில் முன்னெடுத்த எஸ்பிஎஃப் என்பது, 'என் பெயரில் கடிதம் எடுத்துச் செல்ல இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று டொமைன் உரிமையாளர் டிஎன்எஸ் எனப்படும் இணையப் பெயரேட்டில் எழுதிவைக்கும் அறிவிப்பு. யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கியவற்றை இணைத்து 2007இல் வந்த டிகிம், கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை மாதிரி: வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். 2012இல் அறிவிக்கப்பட்ட டிமார்க், இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று உரிமையாளரே சொல்ல வைத்தது. சும்மா விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என மூன்று கட்டளைகள். கூடவே, உன் பெயரில் இன்று யார் யார் கடிதம் அனுப்பினார்கள் என்ற அறிக்கையும் வந்து சேரும்.

அறிக்கையை முதன்முதலில் பார்க்கும் நிறுவனங்கள் திகைத்துப்போவது வழக்கம். கடிதம் அனுப்புவது விளம்பரப் பிரிவு மட்டும் என்று நினைத்திருப்பார்கள். பில் போடும் மென்பொருள், ஆள் எடுக்கும் தளம், வாடிக்கையாளர் புகாருக்கான சேவை, எப்போதோ ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு மறந்த ஏதோ ஒன்று என எல்லாம் அதே டொமைன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் எஸ்பிஎஃப் வரியில் சேர்த்துக்கொண்டே போனால் அதில் ஒரு வரம்பு முட்டும்: பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் கூடாது. பதினொன்றாவது தேடலைக் கேட்கும் சேவையைச் சேர்த்த நாளிலிருந்து அதுவரை ஒழுங்காகப் போன கடிதங்களும் தடுமாறும். அவசரப்பட்டு 'திருப்பி அனுப்பு' என்று கட்டளை போட்டாலும் ஆபத்து. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர் முகவரிகளுக்கு அந்தக் கட்டளையைப் போட்டபோது, குழு மடல்கள் உலகெங்கும் முறிந்தன; கடிதத்தின் அடியில் குழுவின் பெயரைச் சேர்க்கும் வழக்கமே முத்திரையை உடைத்துவிட்டது. ஆகவே 'சும்மா விடு' என்பதில் தொடங்கி, அறிக்கைகளைச் சில வாரம் படித்து, விட்டுப்போனவற்றைச் சரிசெய்த பிறகே இறுக்க வேண்டும்.

ஆனால் அடையாளம் நற்பெயர் ஆகாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் மிகுதி. 'எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பச்சை, ஆனாலும் ஸ்பேமுக்குப் போகிறதே' என்று கேட்பார்கள். ஸ்பேம்காரரும் தன் டொமைனை வாங்கி மூன்றையும் ஒழுங்காக நிறுவிக்கொள்ளலாம். முதல் ஆளாக நிறுவிக்கொண்டவர்களும் உண்டு. அடையாள அட்டை நீ யார் என்று சொல்லும், எப்படிப்பட்டவன் என்று சொல்லாது. அதைச் சொல்லுவது உன் பழைய நடத்தை.

அந்த நடத்தைப் பதிவேடு முதலில் ஐபி முகவரிகளுக்குப் போடப்பட்டது. பால் விக்ஸியின் தடைப்பட்டியல் 1997இலும், ஸ்டீவ் லின்ஃபோர்டின் ஸ்பேம்ஹவுஸ் 1998இலும் தொடங்கின. பிறகு டொமைனுக்கும் நடத்தை ஏடு வந்தது. புதிய டொமைனோ புதிய ஐபியோ குடிவந்த முதல் நாளே லட்சம் கடிதம் அனுப்பினால் ஊர் சந்தேகப்படும். முதலில் விரும்பிப் படிக்கும் சில நூறு பேர், அடுத்த நாள் கொஞ்சம் அதிகம் என்று வாரக்கணக்கில் ஏற்றிச் செல்வதைத் தொழில்காரர்கள் வார்ம்-அப் என்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பேசாமலிருந்துவிட்டு ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தின வாரம் மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பும் பதிப்பாளர், ஒவ்வோர் ஆண்டும் தன்னை அந்நியனாகவே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மாதம் ஒரு சிறு கடிதம் எழுதியிருந்தால் ஜனவரிக் கடிதம் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெயரை ஒரே இரவில் கெடுப்பது பட்டியல். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலைப் பற்றி நான் தயங்காமல் சொல்வேன்: அதை எந்த வகையிலும் திருத்திப் பயன்படுத்த முடியாது. அதற்குள் பொறிகள் இருக்கும். மனிதர் யாருமே பயன்படுத்தாத, இணையத்தில் ஒரு மூலையில் முகவரி பொறுக்கும் நிரல்களுக்காகவே விதைத்துவைத்த முகவரிகள் ஒரு வகை. ஒரு காலத்தில் உயிரோடிருந்து, உரிமையாளர் கைவிட்டு, நெடுநாள் கடிதங்களைத் திருப்பி அனுப்பிய பின் பொறியாக மாற்றப்பட்டவை இன்னொரு வகை. இரண்டாவது வகை நேர்மையானவர்களையும் பிடிக்கும். அப்படியொரு முகவரியில் நம் கடிதம் விழுந்தால், திரும்பி வந்த கடிதங்களை நாம் கவனிக்கவில்லை என்று பொருள். 5இல் தொடங்கும் பதில் எண்ணோடு திரும்பிய கடிதத்தின் முகவரியை அன்றே நீக்க வேண்டும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், பிறகு முயலலாம்.

விண்ணப்பப் படிவம் வழியாக வந்த முகவரியும் கேட்டு வந்ததாகத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. 2016 ஆகஸ்டில் சிலருடைய முகவரிகளை, அமெரிக்க அரசு முகவரிகள் உட்பட, ஏராளமான தளங்களின் சந்தாப் படிவங்களில் நிரல் மூலம் நிரப்பினார்கள். அவர்கள் பெட்டியில் வெள்ளமாகப் பாய்ந்தது எல்லாம் நேர்மையான நிறுவனங்களின் வரவேற்புக் கடிதங்கள். அந்த நிறுவனங்களுக்கு மெயில் அனுப்பித்தரும் சேவைகளின் முகவரிகளை ஸ்பேம்ஹவுஸ் தடைப்பட்டியலில் ஏற்றியது. படிவத்தில் முகவரி வந்ததும் 'நீங்கள்தானா கேட்டது? ஆம் என்றால் இதை அழுத்துங்கள்' என்று ஒரேயொரு உறுதிக் கடிதம் அனுப்பி, அழுத்தியவரை மட்டும் சேர்ப்பது அதற்கு மருந்து. பட்டியல் மெதுவாக வளரும் என்று விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். அப்படி வளரும் பட்டியலில் இருப்பவர்கள் கடிதத்தை எதிர்பார்ப்பவர்கள்.

இங்கிருந்துதான் வாசகர் கைக்கு அதிகாரம் மாறுகிறது. ஜிமெயில் போன்ற பெட்டிகள், வாசகர் கடிதத்தை என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. ஸ்பேமிலிருந்து தேடி எடுத்து 'இது ஸ்பேம் அல்ல' என்கிறாரா, பதில் எழுதுகிறாரா, தொடாமலே அழிக்கிறாரா, ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறாரா? 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் சேர்ந்தாற்போல் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இதை எண்ணிலேயே எழுதிவிட்டன. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் மூன்று அடையாளங்களும் வைத்திருக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வழி வேண்டும். விலகல் கோரிக்கையை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழ் இருப்பது நல்லது. ஒருமுறை அந்த 5,000ஐத் தொட்டவர் என்றென்றைக்கும் மொத்த அனுப்புநர்தான். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் பெட்டிகளுக்கு இதே 5,000 வரம்போடு அடையாள விதியைக் கொண்டுவந்தது.

ஒரே அழுத்தில் விலகுவதைச் சாத்தியமாக்கும் ஆர்எஃப்சி 8058 என்ற 2017 ஆவணத்தின் பின்னே நுட்பமான ஒரு காரணம் இருக்கிறது. கடிதத்தில் உள்ள இணைப்புகளை வைரஸ் சோதனை நிரல்கள் முன்கூட்டியே திறந்து பார்க்கும். விலகல் இணைப்பையும் அவை திறந்ததால், விரும்பிப் படித்தவர்கள் தமக்கே தெரியாமல் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதனால் வெறுமனே திறந்து பார்ப்பதையும் மெய்யாகவே விலகக் கேட்பதையும் வேறுபடுத்தும் கோரிக்கை முறையை அதில் வைத்தார்கள். விலகும் வழியைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கச் சொன்னால் பலருக்கு மனம் வருவதில்லை. சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், கடைசி வரியில் ஒளித்துவைக்கிறார்கள். வழி கிடைக்காத வாசகர் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். விலகிப்போனவரால் நட்டம் ஒரு முகவரி. புகார் செய்தவரால் மற்ற எல்லோருக்கும் போகும் கடிதம் கெடுகிறது.

0.3 விழுக்காடு என்பது சிறிய அனுப்புநருக்கு எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். 5,000 பேரில் 15 பேர். 600 பேருக்கு எழுதும் ஒரு சிற்றிதழுக்கு இரண்டே பேர். வரம்பு பெரிய அனுப்புநருக்கு எழுதப்பட்டது என்றாலும், புகாரை எடைபோடும் எந்திரம் சின்னவரையும் எடைபோடுகிறது. கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் கருவியில் தன் நிலையைப் பார்க்கலாம் என்றால், அனுப்பும் எண்ணிக்கை குறைவாக இருப்பவருக்கு அங்கே எதுவும் காட்டாது. தீர்ப்பு உண்டு, தீர்ப்பின் நகல் இல்லை. ஸ்பேமை ஒடுக்க இவ்வளவு கடுமை தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. சின்னவரிடம் காரணம் சொல்ல மறுப்பதில் இருக்கிறது. இலவச ஜிமெயில் முகவரியையே அனுப்புநர் பெயராகப் போட்டு, வெளிச்சேவை வழியாக மொத்தமாக அனுப்பும் சிறு வணிகர்களை இந்த விதிகள் முதலில் அடித்தன. கூகுளின் பெயரை வெளியார் பயன்படுத்துவதாகவே அது கொள்ளப்படுகிறது. சொந்த டொமைன் ஒன்று வாங்குவது அவர்களுக்கு இனி ஆடம்பரம் அல்ல.

வடிகட்டியின் நடுநிலை அரசியலுக்கும் போனது. அமெரிக்காவின் 2020 தேர்தல் கடிதங்களை வைத்து வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஜிமெயில் வலதுசாரி வேட்பாளர்களின் கடிதங்களைக் கூடுதலாகவும், அவுட்லுக்கும் யாஹூவும் இடதுசாரிகளுடையதைக் கூடுதலாகவும் ஸ்பேமில் போட்டதாகத் தெரிந்தது. வேண்டுமென்றே செய்ததாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2022 அக்டோபரில் கூகுள் மேல் வழக்குத் தொடுத்தது. 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி: கணக்கு வைத்திருப்பவர் கடிதங்களைப் படிக்கவும் ஸ்பேமிலிருந்து எடுக்கவும் தொடங்கியபோது ஜிமெயிலின் சாய்வு குறைந்தது. மறுபடியும் வாசகர் கை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம், அனுப்பிவிட்டுப் பிறகு விலக வழி கொடு என்கிறது, அதற்குப் பத்து வேலைநாள் அவகாசம் தருகிறது. கனடாவும் ஐரோப்பாவும் முதலில் சம்மதம் கேள் என்கின்றன. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள் குறுஞ்செய்திக்கும் அழைப்புக்குமானவை. அனுப்புநரைப் பற்றி ஏமாற்றும் மெயிலைத் தொட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. கருத்துச் சுதந்திரத்துக்காக அது நீங்கியது சரியே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாலும் இன்பாக்ஸ் உறுதி கிடையாது. சட்டம் தண்டிக்காத ஒருவரையும் வடிகட்டி தாராளமாக நிராகரிக்கலாம்.

தமிழில் எழுதுகிறவருக்குத் தனியாகச் சில தொல்லைகள். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வணக்கம்' என்ற சொல் ஏழு குறி, 21 பைட். தலைப்பு வரியில் வைக்க அதை ஆங்கில எழுத்துகளாக மாற்றும்போது 28 எழுத்து. அப்படி மாற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நீளமான தமிழ்த் தலைப்பு பல துண்டாகிறது. கவனமில்லாத மென்பொருள் ஓர் எழுத்தின் நடுவே வெட்டினால் பெறுபவர் திரையில் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்களைப் பார்த்து மோசடி என்று பயப்படும் வாசகரைக் குறைசொல்ல முடியாது. சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டும் கடிதத்தை ஜிமெயில் நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்கத் தனியே அழுத்தச் சொல்கிறது. அலங்காரக் குறிகளோடு சேர்ந்த தமிழ்க் கடிதம் ஆங்கிலத்தை விட விரைவில் அந்த எல்லையைத் தொடும். வெட்டுப்படும் பகுதியில் போவது அடியில் இருக்கும் விலகல் இணைப்பு. சொல்லைப் பிரித்துக் கற்கும் வடிகட்டிக்கு சலுகை, சலுகையை, சலுகையில், சலுகைகளுக்கு நான்கும் நான்கு சொற்கள். ஆகவே நம் மொழியில் அது மெதுவாகவே கற்கும். தலைப்பைச் சுருக்கமாக வைப்பதும், கடிதத்தை இலகுவாக வைப்பதும், விலகும் வழியை மேலேயும் ஒருமுறை தருவதும் தமிழில் இரட்டிப்பாக உதவும்.

ஜிமெயில் 2013இல் தொடங்கிய விளம்பரத் தாவலில் கடிதம் விழுவதைப் பெரிய தோல்வியாக நினைத்து அதிலிருந்து தப்பிக்கச் சூத்திரம் தேடுபவர்கள் உண்டு. அது ஸ்பேம் அல்ல. வாங்கும் எண்ணத்தோடு வருபவர் அங்கேதான் பார்க்கிறார். நண்பர் எழுதியதுபோல் வேஷம் போட்டு முதல் தாவலுக்குள் நுழைந்த விளம்பரம்தான் புகாரை வாங்கிக் கொடுக்கும்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை, பட்டியலைக் குறைப்பது. யார் திறந்து படிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதும் இப்போது எளிதல்ல. 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, அதன் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களின் கடிதப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்வதால், படிக்காதவரும் படித்தவராகத் தெரிகிறார். இணைப்பை அழுத்தியவர், பதில் எழுதியவர், வாங்கியவர் ஆகியோரை வைத்தே கணக்கிட வேண்டும். ஆறு மாதமாகவோ ஓராண்டாகவோ எந்த அசைவும் இல்லாதவர்களைத் தனியே எடுத்து, அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சலுகை வேண்டாம், படம் வேண்டாம், நான்கு வரி போதும்: நீங்கள் இன்ன ஆண்டு எங்களிடம் முகவரி கொடுத்தீர்கள், தொடர்ந்து எழுதலாமா? ஆம் என்று அழுத்தியவர்களை வைத்துக்கொண்டு, பேசாதவர்களின் பெயர்களை எடுத்துவிட வேண்டும். பத்தாயிரம் பேர் பட்டியல் நாலாயிரம் ஆகும். அடுத்த கடிதத்தை அந்த நாலாயிரம் பேருக்கு அனுப்பலாம்.